குறை சொல்லிலா? அளவுகோலிலா?

 

'தமிழ்ச் சொல்லின் நீளம் நமக்கு வரமா, சுமையா?' என்பது இன்றைய கேள்வி. வரமே என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் என்ன சொன்னாரு? "தமிழ்ச் சொல்லு ரயில் மாதிரிங்க, இஞ்சின் மதுரையில நிக்குது, கடைசிப் பெட்டி திண்டுக்கல்லுல நிக்குது"ன்னாரு. நீங்க கைதட்டினீங்க. நானும்தான் தட்டினேன். (சிரிப்பு) ஆனா அந்த ரயில்ல எத்தனை பேர் உட்கார்ந்து போறாங்கன்னு அவர் எண்ணிப் பார்த்தாரா?

நான் எண்ணினேன். 'வரமாட்டேனென்றவர்களுக்கும்'. ஒரே சொல். 15 எழுத்து. இதையே இங்கிலீஷில் சொல்லுங்க: 'ஈவன் ஃபார் தோஸ் ஹூ செட் தே உட் நாட் கம்'. 9 சொல், 35 எழுத்து! சொல்லாப் பார்த்தா நம்மது நீளம். கருத்தாப் பார்த்தா எதுங்க நீளம்? (கைதட்டல்)

சரி, சுருக்கத் தெரியாத மொழியா இது? வா, போ, தா, நீ, பூ, தீ. ஓரெழுத்து ஒருமொழி 42 என்று நன்னூல் கணக்கே சொல்கிறது. ஜார்ஜ் ஜிப்ஃப் என்ற அமெரிக்க அறிஞர் 1935-இல் வந்த தம் புத்தகத்தில் ஓர் உண்மையை எடுத்துக் காட்டினார். அடிக்கடி புழங்குகிற சொல் குட்டையாக இருக்கும். எப்போதாவது வருகிற சொல் நீளமாக இருக்கும். நம்ம வீட்டுலயே பாருங்க. தினமும் கூப்பிடுகிற பிள்ளைக்கு 'டேய்!' கல்யாணப் பத்திரிகையில மட்டும் 'திருநிறைச்செல்வன்'! (சிரிப்பு, கைதட்டல்)

அடுத்துப் பேசிய அம்மையார், "நீளச் சொல்லைப் படிச்சா கண்ணு வலிக்குது" என்றார்கள். அதில் நியாயம் இருக்கு, மறுக்கல. படிக்கிறபோது கண் வரிமேல வழுக்கிக்கிட்டுப் போறதில்லை. தாவித் தாவிப் போகுது. குட்டைச் சொல்லைப் பல நேரம் நிற்காமலே தாண்டிவிடும். நீளச் சொல்லில் இரண்டு தரம்கூட இறங்கும். அதனாலதான் 'மேற்கொள்ளப்படவிருக்கின்ற நடவடிக்கைகள்'னு சுற்றறிக்கை வந்தா நமக்கு மூச்சு வாங்குது. 'செய்யப்போகிற வேலைகள்'னு எழுதினா என்ன குறைஞ்சு போச்சு? ஆனா அது மொழி செய்த தப்பு இல்லம்மா. எழுதின கை செய்த தப்பு.

கடைசியாக வந்த தம்பி பெரிய குண்டைப் போட்டார். "கம்ப்யூட்டர்லயும் செல்போன்லயும் தமிழ் இடத்தை அடைக்குது. ஒரு எஸ்.எம்.எஸ்.ஸில் இங்கிலீஷ் 160 எழுத்து போகுது, தமிழ் 70 தான் போகுது" என்றார். கணக்கு சரி. ஆனா காரணம் என்ன? அதைச் சொல்லாம உட்கார்ந்துட்டாரே!

முத்துக்கருப்பன் என்று ஒரு பேர். தமிழில் 9 எழுத்து. இங்கிலீஷில் எழுதினா 13 எழுத்து. எது நீளம்? இங்கிலீஷ்தானே? இப்ப கம்ப்யூட்டருக்குள்ள போவோம். அங்கே இடத்தை 'பைட்' என்ற அறைக் கணக்கில் அளக்கிறார்கள். இணையத்தில் பெரும்பாலும் புழங்குகிற யூ.டி.எஃப்-8 முறையில் ஓர் இங்கிலீஷ் எழுத்துக்கு ஓர் அறை. 13 எழுத்து, 13 அறை, முடிஞ்சது. தமிழுக்கு? ஒவ்வொரு குறிக்கும் 3 அறை. 'மு' நமக்கு ஓர் எழுத்து. அதுக்கு 'ம' தனி, உகரக் குறி தனி. மேலே வைக்கிற புள்ளி இருக்கே, அதுக்கும் 3 அறை! ஆக 9 எழுத்து 16 குறியாகி, 48 அறையைப் பிடிக்குது. குட்டையா இருந்த பேரு உள்ளே போனதும் நெட்டையாயிடுச்சு.

இது வேடிக்கை இல்லைங்க. எங்க பெரியப்பா முதியோர் உதவித்தொகைக்கு எழுதிப் போட்டார். அவர் பேரை மேடையில சொல்ல வேண்டாம், முத்துக்கருப்பன்னே வெச்சுக்குவோம். பேருக்கு 30 அறை போதும்னு எவரோ கட்டம் போட்டிருக்காரு. அட்டை வந்துச்சு. பேரு 'முத்துக்கர'. வங்கிப் புத்தகத்தில் முத்துக்கருப்பன், அட்டையில் முத்துக்கர. "ரெண்டும் ஒரே ஆளா?"ன்னு கேட்டுப் பணத்தை நிறுத்திட்டாங்க. எட்டு மாசம் நடந்தார். கடைசியில் ஒருத்தர், "பெரியவரே, பேரைக் கொஞ்சம் சுருக்கி எழுதிக் குடுங்க" என்றார். எங்க பெரியப்பா கேட்டார்: "எங்க அய்யா வெச்ச பேருய்யா. எதைக் குறைக்கச் சொல்றே? முத்தையா, கருப்பனையா?" (பலத்த கைதட்டல்)

இன்றைக்குச் செயற்கை நுண்ணறிவு வந்திருக்கு. அது சொல்லைத் துண்டு துண்டா நறுக்கித்தான் படிக்குது. இங்கிலீஷை அதிகமாகப் படித்துப் பழகின பல கருவிகளில் தமிழ்ச் சொல்லு கூடுதல் துண்டாகுது. துண்டுக்கு இவ்வளவுன்னு காசு. அப்போ நாளைக்கு நம்ம பிள்ளைங்க தமிழில் ஒரு கேள்வி கேட்டா கூடுதல் செலவு. இதைக் காட்டி, "தமிழில் கேட்காதே"ன்னு சொல்லப் போறோமா? "கருவியைத் திருத்து"ன்னு சொல்லப் போறோமா?

நடுவர் அவர்களே! தையற்காரர் சட்டைக் கையைக் குட்டையாத் தைச்சுட்டாரு. கேட்டா, "உங்க கைதான் நீளம், கொஞ்சம் வெட்டிக்கிட்டு வாங்க"ங்கிறாரு. எதிரணி அந்தத் தையற்காரர் பக்கம் நிக்குது. நான் கைக்குச் சொந்தக்காரர் பக்கம் நிக்கிறேன். சட்டையைப் பிரிச்சுத் தைக்கச் சொல்லுங்க. தமிழ்ச் சொல்லின் நீளம் சுமையல்ல, வரமே என்று தீர்ப்பு வழங்குங்கள்.