லீவு முடிஞ்ச மறுநாள் நெஞ்சு இறுக்குதா?

(சிங்காநல்லூரில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



சேமிப்பு, கடன் பாக்கி எல்லாம் பேசி முடிச்சாச்சு. இன்னிக்கு தூசியைப் பற்றிக் கொஞ்சம் பேச வந்திருக்கிறோம். "தூசியில பேச என்னங்க இருக்கு, தினமும் கூட்டறதுதானே"ன்னு பின்னாடி ஒரு அம்மா சிரிக்கிறாங்க. விளக்குமாறுக்கு அகப்படுகிற தூசி பரவாயில்லைங்க. தலைமுடியின் கனத்தில் இருபதில் ஒரு பங்குகூட இல்லாத நுண்தூசிதான் நுரையீரலின் அடிவரை போய் உட்காருகிறது.

சகாரா பாலைவனத் தூசி அட்லாண்டிக் கடலையே தாண்டி தென் அமெரிக்கா போகிறது. அதைச் செயற்கைக்கோள் பார்த்துச் சொல்கிறது. நம்ம கோவையிலும் குறிச்சி சிட்கோவிலும், பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரியிலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தானியங்கிக் கருவி வைத்திருக்கிறது. 2009 விதிப்படி ஒரு நாள் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் நுண்தூசி 60 மைக்ரோ கிராமைத் தாண்டக்கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன அளவோ வெறும் 15. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நம்ம அக்கா நிற்கிற கார்டிங் மெஷின் பக்கத்தில் அந்தக் கருவி இல்லையே!

நம் உறுப்பினர் ஒருவர், பேர் வேண்டாம், மில்லில் பல வருஷமா வேலை. குழுவில் இரண்டு முறை கடன் வாங்கினார். தீர்மான நோட்டில் 'மருத்துவச் செலவு'ன்னு எழுதினோம். என்ன நோய்னு கேட்கவில்லை. அது எங்கள் தப்பு. பிறகு, பஞ்சுத் தூசி நோயைப் பற்றிப் படித்துவிட்டு, "திங்கட்கிழமை நெஞ்சு இறுக்குதாங்க்கா?"ன்னு கேட்டோம். இல்லைன்னாங்க. நாங்களும் விட்டுட்டோம். அப்புறம்தான் தெரிந்தது, அவங்களுக்கு வார லீவு வியாழக்கிழமை. இறுக்கம் வருவது வெள்ளிக்கிழமை!

1950-களில் இங்கிலாந்தில் லங்காஷயர் பஞ்சு மில்களில் ரிச்சர்ட் ஷில்லிங் என்ற டாக்டர் இந்த ஒரு கேள்வியை வைத்தே நோயைப் படிப்படியாகப் பிரித்தார். லீவு முடிந்த முதல் நாள் மட்டும் இறுக்கம் என்றால் ஆரம்பம். மற்ற நாளும் வந்தால் முற்றுகிறது. ஆரம்பத்திலேயே தூசியை விட்டு விலகினால் தேற வாய்ப்பு உண்டு. முற்றினால் மூச்சுத்திறன் திரும்பாது. முந்தானையால் மூக்கைக் கட்டுவது பெரிய தூசியைத்தான் தடுக்கும்.

அதனால் ஒரு நோட்டு போட்டிருக்கிறோம். வார லீவு எந்த நாள், எந்த டிபார்ட்மெண்ட், எந்த ஷிப்டு, அன்றைக்கு இருமலா, இறுக்கமா, வீட்டில் விறகு அடுப்பா. இவ்வளவுதான். எழுதத் தெரியாதவங்க ஒரு கோடு போட்டால் போதும், பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். கட்டட வேலைக்குப் போகிறவங்களும் எழுதலாம். சிமெண்ட், கல் தூசி வேறு கணக்கு, ஆனால் நாள் குறிப்பது ஒன்றுதான்.

"சொன்னா வேலையை விட்டு நிறுத்திடுவாங்களே"ன்னு அந்த அக்கா அழுதாங்க. நியாயமான பயம். அதனால் நோட்டு உங்கள் வீட்டிலேயே இருக்கும், அட்டையில் பேர் வேண்டாம். டாக்டரிடம் மட்டும் காட்டுங்கள். பஞ்சுத் தூசி நோய், அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாகச் சட்டத்திலேயே சேர்க்கப்பட்டிருக்கிறது. ஈ.எஸ்.ஐ.யில் இழப்பீடு கேட்கவும் வழி உண்டு. அதற்கு எத்தனை வருஷம், எந்த டிபார்ட்மெண்ட் என்று கேட்பாங்க. மாதச் சம்பளச் சீட்டைத் தூக்கிப் போடாதீங்க.

அந்த அக்கா போன வாரம் நோட்டோடு டாக்டரைப் பார்த்திருக்காங்க. ஊதிப் பார்க்கிற பரிசோதனைக்கு வெள்ளிக்கிழமை, ஷிப்டு முடிந்து வரச் சொல்லியிருக்கார். நாங்களும் கூடப் போகிறோம்.

நோட்டுகள் மேஜை மேல் இருக்கு. ஊக்குநர்கள் உங்கள் குழுவில் மில்லுக்குப் போகிறவங்களை எண்ணி எடுத்துக்கிட்டுப் போங்க.