கார்டின் ஆண்டுக் கட்டணம்: கேட்டால் தள்ளுபடி, விட்டால் கடன்

(திருநகரில் நடந்த மாதாந்திரக் குடும்பநலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





இந்த மாதம் கிரெடிட் கார்டைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும், "வட்டி சமாச்சாரம் நமக்கு எதற்கு?" என்று சில பெரியவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. கார்டு வாங்கலாமா, கூடாதா என்பதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அது எங்கள் வேலையல்ல. ஆனால் கார்டு ஏற்கெனவே நம் வீடுகளுக்குள் வந்துவிட்டது. சம்பளக் கணக்கோடு ஒன்று, செல்போன் வாங்கிய கடையில் ஒன்று என்று பீரோவில் கிடக்கிறது. கிடக்கிற கார்டு கடனாளி ஆக்காமல் இருக்க வேண்டுமே, அதற்காகத்தான் இந்தப் பேச்சு.

எங்களிடம் கொண்டுவரும் ஸ்டேட்மென்ட்டுகளில் அடிக்கடி கண்ணில் படுவது ஒரு வரிதான். ஆண்டுக் கட்டணம் 500 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 90 ரூபாய், ஆக 590. "நான் இந்தக் கார்டை ஒரு தடவைகூடத் தேய்க்கவில்லையே" என்பார்கள். தேய்த்தாலும் தேய்க்காவிட்டாலும் கார்டை வைத்திருப்பதற்கான கட்டணம் அது. "ஃப்ரீ சார்" என்று விற்றவர் சொன்னது பெரும்பாலும் முதல் வருடத்துக்கு மட்டும். வாழ்நாள் முழுவதும் இலவசம் என்பது வேறு, முதல் வருடம் இலவசம் என்பது வேறு.

590 ரூபாய்தானே என்று விட்டுவிட்டால் என்ன ஆகும்? கெடு தேதி தாண்டி மூன்று நாளுக்கு மேல் ஆனதும் தாமதக் கட்டணம் சேரும், அதற்கும் ஜிஎஸ்டி உண்டு. அதே கார்டில் வாங்கிய பொருளுக்குப் பாக்கி இருந்தால் வட்டியும் ஓடும். ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. ஆகவே அந்த 30 சதவீத வரம்பும் இப்போது இல்லை. கட்டாமல் விட்ட கட்டணங்களை அசலோடு சேர்த்து வட்டிக்கு வட்டி போடக்கூடாது என்று ரிசர்வ் வங்கியின் விதிகள் சொல்கின்றன. அந்த அளவுக்கு ஒரு பாதுகாப்பு.

பணத்தைவிடப் பெரிய சேதம் சிபிலில் நடக்கிறது. டெல்லியில் ஒரு முன்னாள் பத்திரிகையாளர். அவருடைய எஸ்பிஐ கார்டு 2016இல் காலாவதியானது. புதுப்பிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதன் பிறகும் பில் வந்தது, தாமதக் கட்டணம் ஏறியது, சிபிலில் பணம் கட்டாதவர் பட்டியலில் பெயர் போனது. தன் கணக்கு இருந்த வேறு வங்கியில் கார்டு கேட்டபோது கிடைக்கவில்லை. அவர் விடவில்லை. புது டெல்லி மாவட்ட நுகர்வோர் ஆணையம் 2023 மே மாதம் அவருக்கு 2 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. நீதி கிடைத்தது, ஆனால் ஏழு வருடம் கழித்து. வேலைக்காக வளைகுடா போகும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். இங்குள்ள சிம்மை நிறுத்திவிட்டுப் போய்விடுவார்கள். கார்டு பில் மட்டும் நிற்காது.

சரி, தள்ளுபடி கேட்பது எப்படி?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். தள்ளுபடி நம் உரிமை அல்ல, வங்கி விரும்பினால் தருவது. ஆனால் கார்டை மூடுவது நம் உரிமை. அந்த உரிமை கையில் இருப்பதால்தான் தள்ளுபடி கேட்க முடிகிறது. ஒழுங்காகப் பணம் கட்டுகிற வாடிக்கையாளரை இழந்து புதிய ஒருவரைப் பிடிக்க வங்கிக்கு 500 ரூபாயைவிட அதிகம் செலவாகும்.

ஸ்டேட்மென்ட்டில் கட்டணம் விழுந்த உடனே, கெடு தேதிக்கு முன்பே, கார்டின் பின்பக்கம் அச்சிட்ட எண்ணுக்குப் பேசுங்கள். "இத்தனை வருடமாக இந்தக் கார்டு வைத்திருக்கிறேன், பில்லைத் தவறாமல் முழுதாகக் கட்டுகிறேன். ஆண்டுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யுங்கள். முடியாதென்றால் கார்டை மூடிவிடுங்கள்" என்று சொன்னால் போதும். சத்தம் போட வேண்டாம்; போனை எடுக்கும் பிள்ளையும் நம்மைப் போலச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்தான். முதலில் பேசுகிறவர் முடியாது என்பார். வாடிக்கையாளரைத் தக்கவைக்கிற பிரிவுக்கு இணைப்பைத் தரச் சொல்லுங்கள். மூடப்போகிறேன் என்பதை வெறும் மிரட்டலாகச் சொல்லாதீர்கள். மூடும் நிய்யத் இருந்தால் மட்டும் சொல்லுங்கள்.

சில நேரம், "இரண்டு மாதத்துக்குள் இத்தனை ஆயிரம் செலவு செய்யுங்கள், கட்டணத்தைத் திருப்பித் தருகிறோம்" என்பார்கள். ரேஷன் சாமான், மருந்து என்று எப்படியும் ஆகிற செலவு அந்தத் தொகைக்கு வந்தால் சரி. 590 ரூபாயை மீட்க 20 ஆயிரத்துக்குத் தேவையில்லாததை வாங்குகிறவர்களையும் பார்த்திருக்கிறோம். வாடகையும் பெட்ரோலும் பல கார்டுகளில் அந்தக் கணக்கில் சேராது, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒப்புக்கொண்டால் புகார் எண் வாங்குங்கள், எஸ்எம்எஸ் வருகிறதா என்று பாருங்கள். கெடு தேதிக்குள் கணக்கில் வரவு வராவிட்டால் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள்; அடுத்த பில்லில் அது கழிந்துகொள்ளும். 500 மட்டும் திரும்பி, 90 ரூபாய் ஜிஎஸ்டி நிற்பதும் உண்டு. இரண்டையும் சரிபாருங்கள்.

மறுத்துவிட்டால்? பயன்படாத கார்டு என்றால் மூடுங்கள். பாக்கி, தவணை எல்லாவற்றையும் தீர்த்துவிட்டு, கரண்ட் பில் போன்ற தானியங்கிக் கட்டணங்களை வேறு கணக்குக்கு மாற்றிவிட்டு, எழுத்தில் கேளுங்கள். ரிசர்வ் வங்கி விதிகளின்படி ஏழு வேலை நாட்களுக்குள் வங்கி மூட வேண்டும். பாக்கி ஏதும் இல்லாமல் அதற்கு மேல் இழுத்தால், ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். தபாலில்தான் கடிதம் அனுப்ப வேண்டும் என்று அவர்கள் கட்டாயப்படுத்த முடியாது. மூடியதற்கான கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். வீட்டுக் கடனுக்கு மனுப் போட்டிருப்பவர்கள், பழைய கார்டை மூடினால் ஸ்கோர் கொஞ்சம் இறங்கலாம் என்பதால், கடன் முடிவாகும் வரை பொறுங்கள்.

கேட்காமலே வந்த கார்டு, கவரே பிரிக்காத கார்டு, அதற்கும் பில் என்று சிலர் வருகிறார்கள். 30 நாளுக்கு மேல் செயல்படுத்தாத கார்டுக்கு ஓடிபி மூலம் உங்கள் சம்மதம் வாங்க வேண்டும். சம்மதம் இல்லையென்றால் செலவின்றி மூட வேண்டும். கேட்காத கார்டைச் சம்மதமின்றிச் செயல்படுத்திப் பில் போட்டால், தொகையைத் திருப்புவதோடு அதில் இரண்டு மடங்கு அபராதமும் வங்கி தர வேண்டும். இங்கே கெஞ்ச வேண்டியதில்லை, புகார் கொடுங்கள். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மேன் இருக்கிறார், கட்டணம் கிடையாது. 14448க்குப் பேசினால் வழி சொல்வார்கள். மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும், 5 லட்சம் வரையுள்ள வழக்குக்கு மனுக் கட்டணம் இல்லை.

இன்னொன்று, வீட்டிலிருக்கும் அம்மாமார்களுக்கு. "ஆண்டுக் கட்டணத்தை ரத்து செய்கிறோம், ஓடிபி சொல்லுங்கள்" என்று போன் வந்தால் உடனே வைத்துவிடுங்கள். தள்ளுபடிக்கு ஓடிபி கொடுத்தவர்கள் 590ஐ மிச்சப்படுத்தப் போய்ப் பல ஆயிரங்களை இழக்கிறார்கள். கூகுளில் தேடி எடுத்த கஸ்டமர் கேர் எண்ணையும் நம்பாதீர்கள். கார்டின் பின்னால் இருப்பது மட்டுமே எண்.

வரும் ஞாயிறு அஸர் தொழுகைக்குப் பின் அலுவலகத்தில் இருப்போம். கார்டையும் கடைசி மூன்று மாத ஸ்டேட்மென்ட்டையும் கொண்டுவாருங்கள். பின் நம்பரை எங்களிடமும் சொல்ல வேண்டாம். பேச வேண்டியதை எழுதித் தருகிறோம், போனில் நீங்களே பேசுங்கள், பக்கத்தில் இருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.