பழைய பயனெட் வாங்கும் முன்

(நமது சமுதாயக் கூடத்தில் நடந்த ஞாயிறு மாலைச் சந்திப்பில் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



“பொருளைக் கொண்டுவர வேண்டாம், படம் மட்டும் காட்டுங்கள்” என்று செயலாளர் முன்பே சொல்லிவிட்டார். குழந்தைகள் ஓடியாடும் இடம். அவர் சொன்னது சரிதான்.

நாணயம், தபால்தலை போல பழைய ராணுவப் பொருட்களைச் சேர்ப்பவர்களும் நம்மிடையே இருக்கிறீர்கள். துப்பாக்கி முனையில் மாட்டும் கத்திதான் பயனெட். அதில் ‘பேட்டர்ன் 1907’ என்ற ஒரு வகையைப் பற்றி மட்டும் பேசுகிறேன். .303 லீ என்ஃபீல்டு துப்பாக்கிக்காகச் செய்தது. கத்தியின் நீளம் 17 அங்குலம்.

என் மாமனார் ஆயுதப்படைக் காவலராக இருந்தவர். அவருடைய எண்பதாவது பிறந்தநாளுக்குப் பரிசளிக்க, வெளியூரில் ஒரு பழம்பொருள் கடையில் 18,000 ரூபாய் கொடுத்து ஒன்றை வாங்கினேன். “1907-ல் செய்தது சார், கொக்கி வைத்தது கிடைக்கவே கிடைக்காது” என்றார் கடைக்காரர். மாமனார் கையில் வாங்கி, விரலால் ஒரு தடவை தடவினார். “மாப்பிள்ளை, இந்தக் கொக்கி அப்புறம் வைச்சு ஒட்டினது” என்றார். வீடு நிறைய உறவினர்கள். எனக்கு முகம் போன இடம் தெரியவில்லை.

அதன் பிறகு நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் முத்திரைகளைப் படியுங்கள். கைப்பிடியை ஒட்டி, கூர் இல்லாத பகுதியில் அவை இருக்கும். இங்கிலாந்தில் செய்ததென்றால் ஒரு பக்கத்தில் கிரீடம், அரசர் பெயரின் எழுத்துகள், 1907, அதன் கீழே மாதமும் வருடமும், பிறகு செய்தவர் பெயர். 1907 என்பது மாதிரியின் பெயர். செய்த ஆண்டு அல்ல. ‘5 17’ என்று இருந்தால் 1917 மே மாதம். என்னுடையதிலும் அதுதான் இருந்தது, நான்தான் படிக்கவில்லை. மறுபக்கத்தில் அரசின் அம்புக்குறியும், வளைத்துச் சோதித்ததற்கான எக்ஸ் குறியும் இருக்க வேண்டும்.

இரண்டாவது, கொக்கி. ஆரம்பத்தில் குறுக்குப் பட்டையின் ஒரு முனை கொக்கி போல வளைந்திருந்தது. 1913-ல் பிரிட்டிஷ் ராணுவம் அதைக் கைவிட்டது. பழையவற்றிலும் பெரும்பாலும் வெட்டி எடுத்துவிட்டார்கள். அதனால்தான் மிஞ்சியவற்றுக்கு விலை அதிகம், போலியும் அதிகம். 1917-ல் இங்கிலாந்தில் செய்ததில் கொக்கி இருந்தால் சந்தேகப்படுங்கள். ஆண்டு பொருந்தினாலும், கொக்கி தொடங்கும் இடத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். வெல்டிங் கோடு, அரம் தேய்த்த தடம், இரும்பின் நிற மாற்றம் இருந்தால் பணத்தை எடுக்காதீர்கள்.

மூன்றாவது, குட்டையாக இருப்பதாலேயே ஒதுக்காதீர்கள். கொல்கத்தா அருகே இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் 12 அங்குலக் கத்தியுடன் செய்தார்கள். ‘ஆர்.எஃப்.ஐ.’ என்ற எழுத்துகள் அந்தத் தொழிற்சாலையைக் குறிக்கும். நீளமானதைப் படைக்காகவே வெட்டிக் குட்டையாக்கியதும் உண்டு.

நான்காவது, பளபளப்புக்கு மயங்க வேண்டாம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் முத்திரை மழுங்கிவிடும், மதிப்பும் போய்விடும். வாங்கிய பிறகு நீங்களும் தேய்க்காதீர்கள். மெல்லிய எண்ணெய்ப் பூச்சு போதும்.

கடைசியாகச் சொன்னாலும் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளில் பயனெட் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரவழைக்க உரிமம் வேண்டும். உள்ளூரில் வாங்குவதற்கும் முன்னால் காவல் நிலையத்தில் விசாரியுங்கள். விற்பவரிடம் விவரம் எழுதிய பில் கேளுங்கள். நான் பில் கேட்கவில்லை. பணமும் திரும்பி வரவில்லை. வீட்டில் வைத்தால் பூட்டிய அலமாரியில், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

மாமனார் அன்று இன்னொன்றும் சொன்னார்: “கொக்கி இல்லாமலே வாங்கியிருக்கலாமே, நாங்க தூக்கினது அதுதானே.” அவர் பிடித்த மாதிரியைத்தான் நான் தேடியிருக்க வேண்டும். அபூர்வம் என்ற ஒரு சொல்லில் அதை மறந்துவிட்டேன்.

உங்களில் யாராவது வாங்குவதாக இருந்தால், பணம் கொடுக்கும் முன் முத்திரைகளைப் படம் எடுத்து வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.