தாயின் தட்டில் தொடங்கும் பசி



2018 ஜூலையில், நாடாளுமன்றம் அமைந்துள்ள இதே தில்லியில், யமுனையின் கீழ்க்கரையிலுள்ள மண்டாவலியில் மூன்று சிறுமியர் மாண்டனர். வயது எட்டு, நான்கு, இரண்டு. இருமுறை நடந்த உடற்கூறாய்வும் பட்டினியையே சுட்டியது. தந்தை ரிக்‌ஷாத் தொழிலாளி. குடும்பத்திடம் ரேஷன் அட்டை இல்லை. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013-லேயே வந்துவிட்டது. சட்டம் இருந்தது, அட்டைதான் இல்லை.

குழந்தையின் பசி தாயின் தட்டில் தொடங்குகிறது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) கர்ப்பிணிகளில் 52.2 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 19.3 விழுக்காட்டினர் உயரத்திற்கேற்ற எடையின்றி மெலிந்துள்ளனர், 7.7 விழுக்காட்டினருக்குக் கடும் மெலிவு.

சட்டம் உறுதியளித்த பேறுகாலப் பயன் குறைந்தது 6,000 ரூபாய். 2017-இல் ஒன்றிய அரசு அதை 5,000 ஆக்கி, முதல் குழந்தையோடு நிறுத்தியது. பின்னர், இரண்டாவது குழந்தை பெண்ணாயின் உண்டு என்றது. மூன்றாவது குழந்தையைச் சுமப்பவளுக்குப் பசிக்காதோ?

மெலிவை முதலில் காண்பவர் எடை பார்க்கும் அங்கன்வாடி ஊழியர். 1975 முதல் திட்டத்தைச் சுமக்கும் அவருக்கு இன்றும் ஊதியமில்லை, மதிப்பூதியமே.

முகவரிச் சான்று கேட்காத ரேஷன், எல்லாப் பேறுகளுக்கும் முழுப் பயன், அங்கன்வாடி ஊழியருக்கு நிரந்தரப் பணி: இவையே நமது கோரிக்கைகள். அடுத்த கிளைக் கூட்டத்திற்குள், அவரவர் பகுதியில் அட்டையில்லாத வீடுகளைக் கணக்கெடுப்போம். போராட்டம் அந்தப் பட்டியலிலிருந்து தொடங்கட்டும்.