நாவலின் முதல் பக்கம்
(சத்துவாச்சாரிக் கூட்டத்தில் பேசியது)



தோல் தொழிலாளிகள் வாழும் இந்தப் பக்கத்தில் நாவலின் ஆரம்பத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் கேட்கலாம். வாசற்படியிலேயே யாரை உள்ளே விடுவார்கள் என்பது தெரிந்துவிடும். புத்தகத்துக்கு வாசற்படி அதன் முதல் பக்கமே என்கிறோம்.

பழைய நூல்கள் காப்பு, கடவுள் வாழ்த்து, அவையடக்கம் என்று செய்யுளில் ஆரம்பிக்கும். அதற்கு அர்த்தம் சொல்லப் புலவர் வேண்டும். அவரிடம் பாடங் கேட்க எல்லா ஜாதியாருக்கும் இடமிருந்ததா?

1879-ல் மாயூரம் வேதநாயகம் பிள்ளை "பிரதாப முதலியார் சரித்திரம்" வெளியிட்டார். தமிழில் வசன நூல்கள் இல்லாத குறையைத் தீர்க்கவே எழுதியதாக முன்னுரையில் சொன்னார். அதில் கதாநாயகனே "நான்" என்று பேசுகிறான். இது பெரிய மாறுதல்தான். ஆனால் அவன் முதலில் சொல்லும் சங்கதி என்ன? இங்கிலீஷ் ஆட்சி வந்தபின் இன்ன ஊரில், இன்ன குலத்தில் பிறந்தேன் என்பதேயாகும். செய்யுள் போய் வசனம் வந்தது. குலம் மட்டும் வாசலிலேயே நின்றது.

1893 முதல் "விவேக சிந்தாமணி"யில் ராஜமய்யர் எழுதிய "கமலாம்பாள் சரித்திரம்" பார்ப்பன வீட்டுப் பேச்சை அச்சில் கொண்டுவந்தது. அதை இயற்கையான நடை என்று புகழ்ந்தார்கள். புகழட்டும், நமக்கு ஆட்சேபணையில்லை. சேரிப் பேச்சு அச்சேறினால் மட்டும் அது கொச்சையாகி விடுவானேன்?

1992-ல் வந்த பாமாவின் "கருக்கு" தன் வரலாறு; பலர் நாவலாகவும் படிக்கிறார்கள். அதுவும் ஊரைச் சொல்லியே ஆரம்பிக்கிறது. ஆனால் தன் தெருவார் பேசும் பேச்சிலேயே சொல்லுகிறது. ஊரின் அழகைக் காட்டிவிட்டு, எந்தத் தெரு எந்த ஜாதிக்கு என்பதையும் காட்டுகிறது. பிரதாப முதலியாருக்குப் பெருமையாயிருந்த ஜாதி, இந்த அம்மையாரின் நடையில் குற்றப்பத்திரிகையாகிறது.

பேச்சு நடை என்பதாலேயே ஒரு புத்தகம் உயர்ந்துவிடாது. பேசுவது யார், யாரை நோக்கிப் பேசுகிறார், யாரை வெளியே நிறுத்துகிறார் என்று முதல் பக்கத்திலேயே கேட்க வேண்டும்.

திண்டுக்கல் தோல் தொழிலாளிகளைப் பற்றி டி. செல்வராஜ் எழுதிய "தோல்" 2012-ல் சாகித்ய அகாடமி பரிசு பெற்றது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுச் சுண்ணாம்புத் தொட்டிகளுக்குக் கதை இல்லையா? இருக்கிறது. அதை எழுத உட்காரும் நம் பிள்ளைகள், புலவர் நடை வரவில்லையே என்று பேனாவைக் கீழே வைக்க வேண்டியதில்லை. அம்மா சண்டையிடும் பாஷையில், அப்பன் கூலி கேட்கும் பாஷையில் முதல் வரியை எழுதட்டும். வாசற்படி தானே இறங்கிவரும் என்று சொல்லி முடித்துக் கொள்ளுகிறோம்.