காத்திருப்பது பலமே!



ரேணுகாம்பாள் குடியிருக்கும் ஊர் இது. சம்புவராயர் ஆண்ட ஊர். மண்மூடிக் கிடந்த பழைய கோயில்களைத் தோண்டியெடுத்து, மறுபடியும் விளக்கேற்றிய ஊர். காத்திருப்பைப் பற்றி உங்களுக்கு நான் என்ன புதுசா சொல்லிடப் போறேன்?

"வேக யுகத்தில் காத்திருப்பது பலமா, பலவீனமா?" இதுதான் தலைப்பு. எதிரணி அம்மா வந்தாங்க. "நம்பிக்கை, நம்பிக்கைன்னு கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்தா சோறு வருமா?"ன்னு கேட்டாங்க. நீங்க கைதட்டினீங்க. நானும் தட்டினேன். ஆனா அம்மா, கையைக் கட்டிக்கிட்டு உட்காருவதற்குத் தமிழில் வேற பேர் இருக்கு. அதுக்குப் பேர் சோம்பல்! (கைதட்டல்)

காத்திருத்தல் என்ற சொல்லைப் பிரிச்சுப் பாருங்க. காத்து, இரு. காப்பது என்றால் பாதுகாப்பது. காட்டோரம் பயிர் வெச்சவங்க கதிர் முத்துற வரைக்கும் ராத்திரியில தூங்குவாங்களா? பன்றி வருமே! பைபிளில் யாக்கோபு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. பொறுமையாகக் காத்திருப்பதற்கு அவர் யாரை உதாரணம் காட்டுகிறார் தெரியுமா? மழைக்குக் காத்திருக்கிற விவசாயியை! அவன் சும்மாவா இருக்கான்? உழுது போட்டுட்டுல்ல வானத்தைப் பார்க்கிறான்!

நமக்கு அது மறந்து போச்சு. செல்போன்ல செய்தி அனுப்புறோம். ரெண்டு டிக்கும் நீலமாச்சு, அஞ்சு நிமிஷமா பதில் இல்லை. உடனே, "என்னை மதிக்கலை"ன்னு சண்டை! கிறிஸ்தவர்கள் கிறிஸ்துமஸுக்கு முன்னால் நான்கு ஞாயிறு ஒதுக்கியிருக்கிறார்கள். திருவருகைக் காலம் என்று பேர். வாரத்துக்கு ஒரு மெழுகுவத்தியாக ஏற்றி, காத்திருக்கப் பழகுகிற காலம். கடைத்தெருவுல பார்த்தா நவம்பர்லேயே நட்சத்திரம் தொங்குது. திருநாள் வர்றதுக்குள்ள திருநாள் சலிச்சுப் போகுது!

"வேதம் சரிங்க, வாழ்க்கைக்கு வருமா?" என்று கேட்பீர்கள். இந்தப் படவேடு பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. அந்த மாவட்டத்து ராணிப்பேட்டையில் 1870இல் பிறந்தவர் ஐடா ஸ்கடர். அமெரிக்க மிஷனரி குடும்பம். 1890களில் திண்டிவனத்தில், நோயுற்ற தாய்க்குத் துணையாக இருந்தார். திரும்பி அமெரிக்கா போய்விடுவதாகத்தான் எண்ணம். ஓர் இரவு. மூன்று வீட்டு ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். மூவர் மனைவிக்கும் பிரசவ வேதனை. ஐடா சொன்னார், "எனக்கு வைத்தியம் தெரியாது, அப்பா டாக்டர், அவர் வருவார்." "ஆம்பளை டாக்டர் வேண்டாம்" என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிஞ்சா மூணு வீட்டிலயும் சாவு.

நடுவர் அவர்களே, இதை மறைச்சுட்டு நான் பேச மாட்டேன். அந்த மூணு பெண்களும் காத்திருந்தாங்க. உதவி வரலை. டாக்டர் அதே ஊர்ல இருந்தும் வரலை. ஊர் வழக்கம் வாசலை மறிச்சு நின்னுது. இதுக்கு எந்த அணியிடமும் பதில் கிடையாது.

ஐடா என்ன செய்தார்? அமெரிக்கா போனார், மருத்துவம் படிச்சார். 1899இல் பட்டம். 1900இல் திரும்பி வந்தார். வேலூரில் 1902இல் பெண்களுக்கு ஆஸ்பத்திரி. பெண்களுக்கான மருத்துவப் பள்ளி? அது 1918! அந்த ராத்திரிக்கும் இதுக்கும் நடுவுல இருபது வருஷத்துக்கு மேல. ஒரு டாக்டரம்மா எத்தனை வீட்டுக்கு ஓட முடியும்? நம்ம ஊர்ப் பெண்களே டாக்டராகணும்னு அத்தனை வருஷம் காத்திருந்தார். காத்திருந்த நேரத்தில் நோயாளிகளைப் பார்த்தார். 1909இல் கார் வந்ததும் குடியாத்தம் சாலையில் மரத்தடியில் நிறுத்தி மருந்து கொடுத்தார். அந்தப் பள்ளிதான் இன்றைய சி.எம்.சி.

அந்தச் சாலையோரத்துல, மடியில காய்ச்சல்காரக் குழந்தையோட, கார் வர்ற திசையையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தாளே ஒரு தாய், அவளைப் பார்த்து "நீ பலவீனமானவ"ன்னு சொல்ல எதிரணி அம்மாவுக்கு வாய் வருமா? கேட்டுச் சொல்லுங்க நடுவர் அவர்களே. மணி அடிச்சிட்டீங்க.