தானே கற்ற பையனும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தாராவியிலும் ஆன்டாப் ஹில்லிலும் நம் வீடுகளில் இப்போது ஒரு பேச்சு அடிபடுகிறது. செல்போன் செயலி எழுதக் கற்றுக்கொண்டால் பையன் பதினேழு வயதில் கோடீஸ்வரன் ஆகிவிடுவானாம். இதைச் சொல்லிப் பயிற்சி விற்கிறவர்கள் வாசல் தேடி வருகிறார்கள். நகையை அடகு வைத்துப் பணம் கட்டலாமா என்று தாய்மார்கள் நம்மிடம் கேட்கிறார்கள். ஆகவே, அவர்கள் உதாரணம் காட்டும் அந்தப் பையனின் கதையை இன்று முழுதாகவே பேசிவிடுவோம்.

இது கட்டுக்கதை அல்ல. அவர் பெயர் நிக் டலோய்சியோ. 1995-இல் பிறந்து லண்டன் விம்பிள்டனில் வளர்ந்தவர். 2008-இல் ஆப்பிள் நிறுவனம் செயலிக் கடையைத் திறந்தபோது அவருக்கு வயது 12. தானாகவே நிரல் எழுதக் கற்றார். 2011-இல், நீண்ட கட்டுரைகளைச் சில வரிகளாகச் சுருக்கித் தரும் 'ட்ரிமிட்' என்ற செயலியை வெளியிட்டார். ஹாங்காங் பெருமுதலாளி லீ கா-ஷிங்கின் முதலீட்டு நிறுவனம் அதில் 3 லட்சம் டாலர் போட்டது. 2012 நவம்பரில் அதுவே 'சம்லி' என்று புது உருவில் வந்தது. 2013 மார்ச்சில் யாஹூ அதை வாங்கியது. விலை சுமார் 3 கோடி டாலர் என்று பத்திரிகைகள் எழுதின. அப்போது அவருக்கு வயது 17.

பயிற்சி விற்கிறவர் இத்துடன் கதையை நிறுத்திவிடுவார். மீதியை நாம் சொல்வோம்.

முதலாவது, அந்த வீடு. தகப்பனார் முதலீட்டு வங்கியில் அதிகாரி, தாயார் வழக்கறிஞர். பிள்ளை படித்தது கட்டணப் பள்ளி. சிறு வயதிலேயே கையில் சொந்தக் கம்ப்யூட்டர். நம் வீட்டிலோ ஒரே செல்போன். அதுவும் அப்பா வேலை முடிந்து வந்தால்தான் பிள்ளை கைக்குக் கிடைக்கும். அந்தப் பையனின் அறிவும் உழைப்பும் உண்மை. அவற்றுக்கு இடமும் நேரமும் கிடைத்தன என்பதும் உண்மை.

இரண்டாவது, சம்லியின் மூளை. அந்தத் தொழில்நுட்பத்தில் கலிஃபோர்னியாவின் எஸ்.ஆர்.ஐ. ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் பங்குண்டு. ஐஃபோனில் பேசும் 'சிரி' பிறந்ததும் அங்கேதான். அங்கே பல பத்தாண்டுகளாக அமெரிக்க அரசின் பணத்தில் ஆராய்ச்சி நடந்து வந்திருக்கிறது. தனி ஒருவன் வெற்றி என்று சொல்லப்படுவதற்குள் எத்தனை பேர் உழைப்பும் வரிப்பணமும் இருக்கின்றன, பாருங்கள்!

மூன்றாவது, பிறகு நடந்தது. வாங்கிய கையோடு யாஹூ சம்லியை மூடிவிட்டது. 2014-இல் அவர் அங்கே செய்திச் சுருக்கச் செயலி ஒன்றை உருவாக்கினார். ஆப்பிளின் வடிவமைப்பு விருதும் அதற்குக் கிடைத்தது. 2015-இல் அவர் யாஹூவை விட்டு விலகினார். 2017-இல் அந்தச் செயலியும் மூடப்பட்டது. ஆனால் அவர் ஆக்ஸ்ஃபோர்டில் சேர்ந்து கணினி அறிவியலும் தத்துவமும் படித்தார். கோடி கண்டவரே படிப்பை விடவில்லை! பத்தாம் வகுப்போடு பிள்ளையை நிறுத்திப் பயிற்சிக்கு அனுப்பலாமா என்று யோசிக்கும் பெற்றோர் இதை மனத்தில் வையுங்கள்.

அப்படியானால் நம் பிள்ளைகளுக்கு இது எட்டாத கனியா? இல்லை. நிரல் எழுதக் கற்கத் தேவையான பாடங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. இல்லாதது கம்ப்யூட்டர், அமைதியாக உட்கார ஓர் இடம், சந்தேகம் கேட்க ஓர் ஆள். கடன் வாங்கித் தனித்தனியாக ஓடினால் இவை கிடைக்கா. சேர்ந்து நின்றால் கிடைக்கும்.

ஆகவே சங்கத்தின் முன் இரண்டு யோசனைகளை வைக்கிறோம். நம் படிப்பகத்தில் பழைய கம்ப்யூட்டர்கள் இரண்டை வாங்கி வைத்து, மாலை நேரத்தில் கட்டணமின்றித் திறந்துவிடுவோம். வேலையில் இருக்கும் நம் இளைஞர்கள் முறைவைத்து வந்து சொல்லித்தரட்டும். பெண் பிள்ளைகளுக்குச் சரிபாதி இடம். அடுத்தது, மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகளின் கம்ப்யூட்டர்களை மாலையிலும் பிள்ளைகள் பயன்படுத்த அனுமதி கேட்டுக் கையெழுத்து இயக்கம் நடத்துவோம். இது சலுகை அல்ல, உரிமை.

நம் பையன்கள் பலர் இன்று பைக்கில் சாப்பாடு கொண்டுபோகிறார்கள். ஒரு நடைக்கு எவ்வளவு கூலி என்பதைச் செயலிதான் சொல்கிறது. அதை எழுதுகிறவர்கள் எங்கோ இருக்கிறார்கள். அந்தக் கணக்கைப் படித்து, தொழிலாளர் பக்கம் நின்று கேள்வி கேட்கத் தெரிந்த பிள்ளைகள் நம் தெருவிலிருந்தும் வரவேண்டும்.

கோடீஸ்வரன் ஒருவன் வந்தாலும் மகிழ்ச்சியே. ஆனால் அதற்காக அடகுக் கடைக்குப் போகாதீர்கள் தாய்மார்களே. முதலில் படிப்பகத்துக்கு வாருங்கள்.